வாங்கியதா, வாடகைக்கு எடுத்ததா?

மதிய உணவு இடைவேளை முடிந்து மணி அடிக்கச் சில நிமிடங்களே இருந்தன. ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான். வகுப்பில் எப்போதும் முதல் ஆளாகப் பேசுபவன், அன்று தயங்கினான். விசாரித்தபோது விஷயம் தெரிந்தது. அம்மாவின் திறன்பேசியில் அவன் விளையாடி வந்த ஒரு விளையாட்டை அதை நடத்தியவர்கள் மூடிவிட்டார்கள். அதில் தன் வீரனுக்கு உடையும் வண்டியும் வாங்கச் சிறுகச் சிறுக 600 ரூபாய் வரை செலவழித்திருக்கிறான். அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறவர். பணம் போனது அவருக்கு இன்னும் தெரியாது.

நான் திட்டுவேன் என்று எதிர்பார்த்திருப்பான். அதற்கு முன் அவனே ஒரு கேள்வி கேட்டான்.

"சார், நம்ம ஊர்க் கடைக்காரர் கடையை மூடிட்டா, நாம வாங்கின சாமானை வீட்டுக்கு வந்து எடுத்துட்டுப் போவாரா?"

என்னிடம் உடனடியாகப் பதில் இல்லை. "மணி அடிச்சிருச்சு, அப்புறம் பேசலாம்" என்று அனுப்பிவிட்டேன். அந்த வாரம் முழுவதும் கேள்வி மனத்தை விட்டுப் போகவில்லை. தேடிப் படித்தபோது, உலகம் முழுவதும் வீடியோ கேம் வாங்குவோரும் விற்போரும் இதே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பது தெரிந்தது. விளையாட்டைப் பொருளாக விற்பதா, கம்பிவழியே காட்டி மாத வாடகை வாங்குவதா என்ற மாற்றம் அங்கே நடந்துகொண்டிருக்கிறது. நம் மாணவர்கள் நாளை பாட்டு, படம், புத்தகம், பாடம் என எதை வாங்கினாலும் இந்தக் கேள்வி எதிரே வந்து நிற்கும். அதனால்தான் இந்தக் கட்டுரை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைப் பற்றி இங்கே பேசவில்லை. அவற்றை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்கிறது. இங்கே பேசுவது பொழுதுபோக்கு விளையாட்டுகளை மட்டுமே.

கேசட் கடையிலிருந்து தொடங்குவோம்

என் வயதுடைய ஆசிரியர்கள் பலருக்கு நினைவிருக்கும். தொண்ணூறுகளில் சிறு நகரங்களில்கூட 'டிவி கேம்' கடைகள் இருந்தன. தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைக்கும் ஒரு கருவி, அதில் செருகும் கேசட். மாரியோ, காண்ட்ரா போன்ற விளையாட்டுகள். கேசட் வேலை செய்யாவிட்டால் எடுத்து வாயால் ஊதிவிட்டு மறுபடியும் செருகுவோம். ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983இல் வெளியிட்ட ஃபேமிகாம் கருவியைப் பார்த்துச் செய்த நகல்கள்தாம் நம் ஊர்களுக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை என்பது பின்னாளில்தான் எனக்குத் தெரிந்தது.

அந்தக் காலத்தில் இரண்டு வகையாக விளையாடினோம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள் கருவியையும் கேசட்டையும் விலைக்கு வாங்கினார்கள். மற்றவர்கள் கடைக்குப் போய் மணிக்கணக்கில் காசு கொடுத்து விளையாடினோம். கேசட் வாங்கியவன் அதை நண்பனுக்கு இரவல் கொடுக்கலாம், வேறொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம், பாதி விலைக்கு விற்கலாம். தயாரித்த நிறுவனமே மூடப்பட்டாலும் கேசட் ஓடும். கடையில் விளையாடியவனுக்கு இது எதுவும் இல்லை. நேரம் முடிந்தால் எழுந்துவிட வேண்டும். கடை பூட்டியிருந்தால் திரும்பிவிட வேண்டும். ஆனால் கருவி வாங்க வேண்டிய பெருஞ்செலவும் அவனுக்கு இல்லை.

இந்த இரண்டு வகையையும் நினைவில் வைத்துக்கொண்டால் இன்றைய மாற்றம் எளிதில் புரிந்துவிடும். கேசட்டின் இடத்தைப் பின்னர் குறுந்தகடு பிடித்தது. 1994 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த சோனியின் பிளேஸ்டேஷன் குறுந்தகட்டில் ஓடியது. 2003 செப்டம்பரில் அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் ஸ்டீம் என்ற இணையக் கடையைத் தொடங்கியது. நாளடைவில் தகடும் தேவைப்படவில்லை. பணம் கட்டினால் விளையாட்டு இணையம்வழி நம் கணினிக்கு இறங்கிவிடும். அடுத்த படிதான் கிளவுட் கேமிங் எனப்படும் மேகவழி விளையாட்டு. இதையே கேம் ஸ்ட்ரீமிங் என்றும் சொல்கிறார்கள். ஒருவர் விளையாடுவதை மற்றவர்கள் யூடியூபில் நேரலையாகப் பார்ப்பதையும் ஸ்ட்ரீமிங் என்பதுண்டு. அது வேறு.

கம்பி நீண்ட கடை

மேகவழி விளையாட்டில் விளையாட்டு நம் கருவிக்கு வருவதே இல்லை. தொலைவில் உள்ள தரவு மையத்தில் ஒரு சக்தி வாய்ந்த கணினியில் அது ஓடுகிறது. நாம் பொத்தானை அழுத்தினால் 'பொத்தான் அழுத்தப்பட்டது' என்ற செய்தி இணையம்வழி அங்கே போகிறது. அந்தக் கணினி அடுத்த காட்சியை வரைந்து, காணொலியாகச் சுருக்கி, நமக்குத் திருப்பி அனுப்புகிறது. நம் திரை அதை விரித்துக் காட்டுகிறது.

எளிமையாகச் சொன்னால், அந்தப் பழைய டிவி கேம் கடையேதான் இது. கருவி கடையிலேயே இருக்கிறது, திரையும் விசையும் மட்டும் நீண்ட கம்பியில் நம் வீட்டுக்கு வந்துவிட்டன.

இதன் நன்மை சிறியதன்று. பிளேஸ்டேஷன் 5 கருவி 2021 பிப்ரவரியில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தபோது அதன் விலை 49,990 ரூபாய். நம் பள்ளிப் பெற்றோர் பலருக்கு அது எட்டாத தொகை. மேகவழியில் சாதாரணக் கணினியிலும் திறன்பேசியிலும் அதே தரமுள்ள விளையாட்டை ஆட முடியும். கடினமான வேலையை எங்கோ உள்ள கணினி செய்கிறது. நம் கருவி காணொலி பார்க்கும் வேலையை மட்டும் செய்தால் போதும்.

ஒளிக்கும் நேரம் ஆகும்

அப்படியானால் எல்லோரும் ஏன் இதற்கு மாறிவிடவில்லை? முதல் காரணம் இயற்பியல்.

திரைப்படத்தை இணையத்தில் பார்க்கும்போது அடுத்த சில வினாடிகளுக்கான காட்சிகளைக் கருவி முன்கூட்டியே வாங்கிச் சேமித்துக்கொள்கிறது. இடையில் இணையம் சற்றுத் தடுமாறினாலும் நமக்குத் தெரிவதில்லை. விளையாட்டில் இது முடியாது. அடுத்த காட்சி என்ன என்பதை என் கட்டைவிரல் இனிமேல்தான் முடிவு செய்யப் போகிறது. முடிவு செய்யப்படாத காட்சியை முன்கூட்டியே அனுப்ப முடியாதல்லவா?

கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். தரவு மையம் 1,000 கிலோமீட்டர் தொலைவில் இருந்தால், போக 5 மில்லி வினாடி, வர 5 மில்லி வினாடி. ஒளியின் பயணத்துக்கு மட்டும் 10 மில்லி வினாடி ஆகிறது. வினாடிக்கு 60 காட்சிகள் காட்டும் விளையாட்டில் ஒரு காட்சிக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி வினாடிதான். இழை நேர்க்கோட்டில் செல்வதில்லை. வழியில் உள்ள இணைப்புக் கருவிகள், காணொலியைச் சுருக்கும் நேரம், விரிக்கும் நேரம், வீட்டு வைஃபையின் தாமதம் என எல்லாம் இதன்மேல் சேரும். சதுரங்கத்தில் இந்தத் தாமதம் பொருட்டே இல்லை. பந்தயக் கார் வளைவில் திரும்பும்போது அதுவே வெற்றி தோல்வியை முடிவு செய்யும்.

இரண்டாவது காரணம் தரவின் அளவு. என்விடியா நிறுவனம் தன் ஜிஃபோர்ஸ் நௌ சேவையில், 720 வரிக் காட்சியை வினாடிக்கு 60 முறை பெறுவதற்கு வினாடிக்கு 15 மெகாபிட் வேகம் வேண்டும் என்கிறது. இதை வைத்து என் வகுப்பில் கணக்குப் போட்டோம். ஒரு மணி நேரம் என்பது 3,600 வினாடி. 15ஆல் பெருக்கினால் 54,000 மெகாபிட். 8 பிட் ஒரு பைட் என்பதால் 8ஆல் வகுக்க, 6,750 மெகாபைட். அதாவது மணிக்கு 6.75 ஜி.பி. நாளுக்கு 1.5 ஜி.பி. தரும் திட்டத்தில் எவ்வளவு நேரம் ஆடலாம்? விடை 13 நிமிடம் 20 வினாடி. "அவ்வளவுதானா சார்?" என்று வகுப்பே கேட்டது. அலகு மாற்றத்தை இதைவிட ஆர்வமாக அவர்கள் கற்று நான் பார்த்ததில்லை.

மூடிய கடைகள்

மூன்றாவது காரணத்தில்தான் என் மாணவனின் கேள்வி ஒளிந்திருக்கிறது. கடைக்காரர் கடையை மூடினால் என்ன ஆகும்?

அமெரிக்காவில் 2010 ஜூன் மாதம் ஆன்லைவ் என்ற மேகவழிச் சேவை தொடங்கப்பட்டது. காலத்துக்கு முந்திய முயற்சி. 2015 ஏப்ரல் 30 அன்று அது மூடப்பட்டது. அதன் காப்புரிமைகளைச் சோனி வாங்கிக்கொண்டது.

அதைவிடப் பெரிய கதை கூகுளுடையது. 2019 நவம்பரில் ஸ்டேடியா என்ற சேவையைக் கூகுள் 14 நாடுகளில் தொடங்கியது. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. இதில் விளையாட்டுகளை முழு விலை கொடுத்து வாங்க வேண்டும், ஆனால் அவை கூகுளின் கணினிகளில் மட்டுமே ஓடும். கேசட்டை விலை கொடுத்து வாங்கிவிட்டுக் கடையிலேயே வைத்துவிட்டு வருவது போன்ற ஏற்பாடு. போதிய மக்கள் சேரவில்லை. 2022 செப்டம்பரில் மூடும் அறிவிப்பு வந்தது. 2023 ஜனவரி 18 அன்று சேவை நின்றது.

தன் கடையில் வாங்கிய கருவிகளுக்கும் விளையாட்டுகளுக்குமான பணத்தைக் கூகுள் திருப்பிக் கொடுத்தது. நியாயமான செயல்தான். ஆனால் அது நிறுவனம் எடுத்த முடிவு. அவ்வளவு பெரிய பண பலம் இல்லாத நிறுவனமாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பணம் திரும்பி வந்தாலும், மாதக்கணக்கில் ஆடிச் சேர்த்த முன்னேற்றத்தைப் பலரால் வேறு இடத்துக்கு எடுத்துச் செல்ல முடியவில்லை.

தகடு கையில் இருந்தால் போதுமா?

"அப்படியென்றால் பழையபடி விலைக்கு வாங்குவதே பாதுகாப்பு" என்று தோன்றும். பாதி உண்மைதான். ஏனென்றால் 'வாங்குவது' என்ற சொல்லும் உள்ளுக்குள் மாறிவிட்டது.

பிரான்சின் யூபிசாஃப்ட் நிறுவனம் 2014இல் 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தய விளையாட்டை விற்றது. தகடாகவே வாங்கியவர்களும் உண்டு. ஆனால் தனியாக ஆடினாலும் நிறுவனத்தின் வழங்கிக் கணினியோடு இணைப்பு இருந்தால்தான் அது ஓடும். 2024 மார்ச் 31 அன்று அந்த வழங்கிகள் நிறுத்தப்பட்டன. தகடு கையில் இருந்தது, விளையாட்டு இல்லை. இதிலிருந்து 'விளையாட்டுகளைக் கொல்வதை நிறுத்துங்கள்' என்ற பொருள்படும் பெயரில் ஓர் இயக்கம் பிறந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதன் கோரிக்கை மனுவில் 2025 ஜூலைக்குள் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். அவர்கள் கேட்டது இலவசத்தை அன்று. விற்ற விளையாட்டைக் கைவிடும்போது, வாங்கியவர் தொடர்ந்து ஆடும் நிலையில் விட்டுச் செல்லுங்கள் என்பதுதான் கோரிக்கை.

இணையக் கடையில் நாம் பெறுவது பெரும்பாலும் பொருளை அன்று, பயன்படுத்தும் உரிமத்தை. நாம் படிக்காமல் 'ஏற்கிறேன்' என்று அழுத்தும் நீண்ட விதிமுறைகளில் இது எழுதப்பட்டிருக்கிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் இதற்கென்றே 2024இல் ஒரு சட்டம் இயற்றியது. 2025 ஜனவரி 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. எண்மப் பொருளை 'வாங்குங்கள்' என்று சொல்லி விற்பவர், தருவது உரிமம் மட்டுமே என்றால் அதைத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். அது நடைமுறைக்கு வருவதற்கு முன்பே, ஸ்டீம் கடை பணம் கட்டும் பக்கத்தில் இத்தகைய அறிவிப்பை வைத்துவிட்டது.

இது விளையாட்டோடு நிற்கும் செய்தி அன்று. 2009 ஜூலையில் அமேசான் நிறுவனம், விற்றவருக்கு உரிமை இல்லை என்று தெரியவந்ததும், வாசகர்கள் விலை கொடுத்து வாங்கிய சில மின்னூல்களை அவர்களது கிண்டில் கருவிகளிலிருந்து தொலைவிலிருந்தே நீக்கியது. பணத்தைத் திருப்பித் தந்தது, பின்னர் வருத்தமும் தெரிவித்தது. கண்காணிக்கும் அரசைப் பற்றி ஜார்ஜ் ஆர்வெல் எழுதிய '1984' நாவலும் அப்படி நீக்கப்பட்ட நூல்களில் ஒன்று. கடைக்காரர் வீட்டுக்கு வந்து சாமானை எடுத்துப் போவாரா என்று என் மாணவன் கேட்டானே, போயிருக்கிறார்.

மக்கள் எதிர்த்தால் மாற்றம் வரும் என்பதற்கும் சான்று உண்டு. 2013இல் மைக்ரோசாஃப்ட் எக்ஸ்பாக்ஸ் ஒன் கருவியை அறிவித்தபோது, அது 24 மணி நேரத்துக்கு ஒருமுறை இணையத்தோடு இணைய வேண்டும், தகட்டை இரவல் தரவும் மறுவிற்பனை செய்யவும் கட்டுப்பாடு உண்டு என்றது. வாங்குவோரிடம் எழுந்த எதிர்ப்பால் சில வாரங்களில் அந்த விதிகளைக் கைவிட்டது.

யாருக்கு லாபம்?

நிறுவனங்கள் வாடகை முறையை ஏன் விரும்புகின்றன? விற்பனையில் பணம் ஒருமுறைதான் வரும். சந்தாவில் மாதந்தோறும் வரும். பழைய தகட்டை மறுவிற்பனை செய்தால் தயாரித்தவருக்கு ஒரு காசும் இல்லை. மேகவழியில் மறுவிற்பனைக்கே இடமில்லை. திருட்டு நகல் எடுக்கவும் முடியாது. இந்தக் கவலைகளில் நியாயமும் உண்டு. ஒரு பெரிய விளையாட்டை உருவாக்க நூற்றுக்கணக்கானோர் பல ஆண்டுகள் உழைக்கிறார்கள்.

ஆனால் வாடகையை உயர்த்தும் உரிமை வீட்டுக்காரரிடம் இருக்கிறது. மைக்ரோசாஃப்டின் கேம் பாஸ் அல்டிமேட் சந்தா 2019இல் அமெரிக்காவில் மாதம் 14.99 டாலராக இருந்தது. 2025 அக்டோபரில் அது 29.99 டாலர் ஆனது. தகடு வாங்கியவரிடம் ஆறு ஆண்டு கழித்து வந்து யாரும் கூடுதல் பணம் கேட்க முடியாது.

கடைகள் ஒருவர் கைக்குள் போய்விடுமோ என்ற அச்சமும் உண்டு. ஆக்டிவிஷன் பிளிசார்ட் நிறுவனத்தை 6,870 கோடி டாலருக்கு வாங்க மைக்ரோசாஃப்ட் முயன்றபோது, பிரிட்டனின் போட்டி ஒழுங்குமுறை அமைப்பு 2023 ஏப்ரலில் அதைத் தடுத்தது. அது சொன்ன காரணம் மேகவழி விளையாட்டுச் சந்தையில் போட்டி குறைந்துவிடும் என்பதுதான். ஆக்டிவிஷன் விளையாட்டுகளின் மேகவழி உரிமையை யூபிசாஃப்டுக்குக் கொடுக்க ஏற்பாடு செய்த பிறகே, அக்டோபரில் ஒப்புதல் கிடைத்தது.

எது நிலைக்கும்?

பழைய விற்பனை முறை இறந்துவிடவில்லை. 2013இல் வந்த 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 5' இதுவரை 20 கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றிருக்கிறது. 2023 அக்டோபரில் 'ஆலன் வேக் 2' தகடு இல்லாமல் இணையத்தில் மட்டும் வெளிவந்தது. ஓராண்டு கழித்து அதற்கும் தகடு வெளியிட்டார்கள். அதே நேரத்தில் தகட்டின் பொருளே தேய்ந்து வருகிறது. 2025 ஜூனில் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் 2 கருவிக்கான சில அட்டைகளில் விளையாட்டு இருக்காது, அதைப் பதிவிறக்குவதற்கான திறவுகோல் மட்டுமே இருக்கும். அட்டையை இரவல் கொடுக்கலாம். ஆனால் பதிவிறக்கும் வழங்கி இயங்கும்வரைதான் புதிய கருவியில் அது பயன்படும்.

மேகவழியும் மறையப் போவதில்லை. ஆனால் ஸ்டேடியாவைப் போலத் தனித்து நிற்காமல், மற்றொன்றோடு சேர்ந்து நிற்கும் சேவைகளே தொடர்கின்றன. ஜிஃபோர்ஸ் நௌ சேவையில், ஸ்டீம் போன்ற கடைகளில் ஏற்கெனவே வாங்கிய விளையாட்டை மேகக் கணினியில் ஓட்டலாம். சேவை நாளை நின்றாலும் கடையில் வாங்கியது கடைக் கணக்கில் இருக்கும். எக்ஸ்பாக்ஸில் மேகவழி என்பது சந்தாவின் ஒரு பகுதி. சொந்த வீடும் வாடகை வீடும் ஒரே ஊரில் இருப்பது போல இரண்டும் சேர்ந்தே இருக்கும் என்பதே என் கணிப்பு. எது சிறந்தது என்பதைவிட, நாம் குடியிருப்பது எந்த வீட்டில் என்று தெரிந்திருப்பதுதான் முக்கியம்.

தெரியாமல் போனால் இழப்பு பணத்தோடு முடியாது. அமெரிக்காவின் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை. தகடும் கேசட்டும் யாரோ ஒருவர் அலமாரியில் இருப்பதால் அவற்றில் சிலவாவது பிழைத்திருக்கின்றன. மேகத்தில் மட்டுமே வாழ்ந்த விளையாட்டுக்கு அலமாரியும் இல்லை.

நம் பாடங்களும் அப்படித்தான்

இதை எழுதும்போது என் சொந்த அனுபவமும் நினைவுக்கு வருகிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தனியார் செயலிக்கு ஆண்டுச் சந்தா கட்டி, அறிவியல் அசைவுப்படங்களை வகுப்பில் காட்டி வந்தேன். எந்தப் பாடத்துக்கு எந்தப் படம் என்று குறிப்பேட்டில் வரிசைப்படுத்தியும் வைத்திருந்தேன். ஒருநாள் காலை மின்சுற்றுப் பாடத்துக்குத் திரையை விரித்து, மாணவர்களை அமர வைத்துவிட்டுத் திறந்தால் பக்கம் வரவில்லை. சேவை நிறுத்தப்பட்டிருந்தது. கரும்பலகையில் வரைந்து பாடத்தை முடித்தேன். வகுப்பு கெட்டுப்போகவில்லை. ஆனால் மூன்று ஆண்டு உழைப்பில் சேர்த்த குறிப்பேடு அன்றே வெற்றுத்தாள் ஆனது. வாடகை வீட்டில் மாடி கட்டியிருக்கிறேன் என்பது அன்று எனக்குப் புரியவில்லை. மாணவன் வந்து கேட்ட பிறகுதான் புரிந்தது.

அன்று முதல் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். முக்கியமான பாடத்துக்கு இணையத்தை மட்டும் நம்புவதில்லை. பாடநூல்களைப் பதிவிறக்கிப் பள்ளிக் கணினியிலும் பென் டிரைவிலும் வைத்திருக்கிறேன். திக்ஷா செயலியில் பாடப்பொருளைப் பதிவிறக்கி இணையம் இல்லாதபோதும் பயன்படுத்தலாம். நானே செய்த படங்களையும் பயிற்சித்தாள்களையும் இரண்டு இடங்களில் சேமிக்கிறேன். இணையம் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லவில்லை. அது நின்றுபோகும் நாளுக்கும் ஏற்பாடு வேண்டும் என்கிறேன்.

வகுப்பறையில் என்ன செய்யலாம்?

தொடக்க வகுப்புகளில் இரவல், வாடகை, சொந்தம் ஆகிய மூன்று சொற்களைச் சிறு நாடகமாக நடிக்க வைக்கலாம். நூலகப் புத்தகம், வாடகை மிதிவண்டி, சொந்தப் பென்சில் ஆகிய மூன்றும் போதும். எதைத் திருப்பித் தர வேண்டும், எதை நண்பனுக்குக் கொடுக்கலாம் என்று குழந்தைகளே சொல்லிவிடுவார்கள். பிறகு 'அம்மாவின் போனில் உள்ள விளையாட்டு இதில் எந்த வகை?' என்று கேளுங்கள்.

நடுநிலை, உயர்நிலை வகுப்புகளில் மேலே சொன்ன ஒளியின் வேகக் கணக்கை அறிவியலிலும், தரவுக் கணக்கைக் கணிதத்திலும் பயன்படுத்தலாம். தங்கள் வீட்டுத் தரவுத் திட்டத்தை வைத்து ஒவ்வொருவரும் தனித்தனியே கணக்கிடட்டும். சமூக அறிவியலில் நுகர்வோர் உரிமையைப் பேசும்போது, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தோடும் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணோடும் இதை இணைக்கலாம்.

எல்லா வகுப்புக்கும் பொதுவாக, பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய நான்கு கேள்விகளை எங்கள் வகுப்புச் சுவரில் ஒட்டியிருக்கிறோம்.

1. இணையம் இல்லாதபோது இது வேலை செய்யுமா?
2. இதை இன்னொருவருக்குக் கொடுக்க முடியுமா?
3. நடத்துபவர் கடையை மூடினால் என்னிடம் என்ன மிஞ்சும்?
4. இந்தப் பணம் யாருடையது, அவருக்குத் தெரியுமா?

நான்காவது கேள்வியைச் சேர்க்கச் சொன்னவன் அதே மாணவன்தான். அம்மாவிடம் அவனே போய்ச் சொல்லிவிட்டான். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு அவர் வந்திருந்தார். பணம் போனதில் அவருக்கு வருத்தம் இருந்தது. "வாடகைன்னு யாராச்சும் சொல்லியிருந்தா அவன் வாங்கியிருக்க மாட்டான் சார், அவன் புத்திசாலி" என்றார்.

அவனுடைய கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. நீ வாங்கியது சாமான் இல்லை தம்பி, கடைக்குள் இருக்க அனுமதி. அதை முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டியது கடைக்காரரின் கடமை. அவர் சொல்லாதபோது சொல்லித் தர வேண்டியது நம் கடமை.